பலூ தம்பி 2: பாலர் பள்ளிச் சுவருக்கு ஏற்ற எழுத்துரு

பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆதங்கம். வகுப்பறைச் சுவரில் ஆங்கில எழுத்துகள் உருண்டு திரண்டு துள்ளும். பக்கத்திலேயே தமிழ், கணினியோடு வரும் லதா, நிர்மலா எழுத்துருக்களில் அச்சாகி, அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி விறைப்பாக நிற்கும். சிங்கப்பூரில் வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து முதலில் அறிமுகமாவது அந்தச் சுவரில்தான். பிள்ளை எந்தப் பக்கம் போகும், சொல்லுங்கள்! பலூ தம்பி 2 எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

மும்பையின் எக் டைப் குழு உருவாக்கிய எழுத்துரு இது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்த உரிமம் என்பதால் இதில் அச்சிட்டு விற்கவும் தடையில்லை. இந்திய எழுத்து முறைகள் 9-க்குப் பலூ குடும்பத்தில் ஆள் உண்டு: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி.

கோடு பருமன், முனைகள் மழுங்கல். ஆனாலும் எழுத்தின் உருவம் குலையவில்லை. ‘கண்ணன்’ என்ற சொல்லை ஓர் அட்டை முழுக்க போல்டில் அச்சிட்டுக் கொடுத்தேன். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டுமே அதில் வந்துவிடுகின்றன அல்லவா? ஒரு சிறுமி ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு சுழியாகத் தடவித் தடவி எண்ணினாள். விரல் உள்ளே போய்த் திரும்பத் தாராளமாக இடம் இருந்தது. மெய்யெழுத்தின் புள்ளியும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. புள்ளியை விட்டுவிட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

ரெகுலர் முதல் எக்ஸ்ட்ராபோல்ட் வரை 5 தடிமன்கள். எக்ஸ்ட்ராபோல்டைப் பெரிய தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போத்தலில் ஒட்டும் பெயர்ச்சீட்டு அளவுக்கு இறக்கினால் ஞ, ஜ, இ எல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடுகின்றன. அங்கே மீடியம் போதும்.

நம் ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு. நான்கு மொழி அறிவிப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றையும் இந்த ஒரே எழுத்துருவில் எழுதிவிடலாம். சீனத்துக்கு மட்டும் வேறொரு வட்ட வடிவ எழுத்துரு தேட வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவையும் உள்ளே பதித்துக் கொடுங்கள். ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவுக்கு நாங்கள் வடிவமைத்த பதாகையை ஓர் அச்சகத்தில் அப்படியே திறந்தார்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது! எழுத்துருவில் குறையில்லை, அவர்களுடைய மென்பொருளில் தமிழுக்கான அமைப்பை இயக்கி வைக்கவில்லை. அப்புறம், வேர்டில் பயன்படுத்துபவர்கள் பதிவிறக்கத்தோடு வரும் ‘ஸ்டாட்டிக்’ கோப்புறையில் உள்ளவற்றை நிறுவிக்கொண்டால் தடிமன் தேர்வு தொல்லை தராது.

கையெழுத்துப் பயிற்சித் தாளுக்கு மட்டும் இது வேண்டாம். பென்சில் எங்கே தொடங்கி எப்படி வளைய வேண்டும் என்பது இத்தனை பருமனான கோட்டில் பிள்ளைக்குப் புரியாது. பத்தி பத்தியாகப் படிக்கவும் கனம் அதிகம். பெற்றோருக்கு அனுப்பும் கடிதங்களுக்கு அதே குழுவின் முக்தா மலர் எழுத்துருவைப் பயன்படுத்துகிறேன். தலைப்பில் தம்பி, கீழே மலர் என்று வைத்தால் இரண்டும் சண்டையில்லாமல் சேர்ந்து நிற்கின்றன.