பருத்தி வாட்டர்கலர் பேட் (ஏ4, 300 ஜிஎஸ்எம் கனம்): பாறைக்குப் பிரமாதம், மீன் கடைக்கு ஆகாது

கிருஷ்ணகிரியில் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. இப்போது ஊர்க்காட்சிகள் வரைந்து விற்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் ஓசூரில் குடியேறியவர்கள். "எங்க ஊர் ஏரியைப் போட்டுக் குடுங்கண்ணா, கரையில ரெண்டு தென்னை மரமும் வைங்க" என்பார்கள். அந்தக் கரையில் நிற்பதெல்லாம் புளியமரம். சரி, காசு கொடுக்கிறவர் கேட்கிறார், வைத்துவிட்டுப் போகிறேன்.

தாளுக்கு வருவோம். ஏப்ரல் வெயிலில் வெளியே உட்கார்ந்து மரக்கூழ்த் தாளில் வரைந்தால், ஒரு தீற்றல் முடிவதற்குள் முந்தையது காய்ந்து ஓரத்தில் கோடு கட்டிவிடும். வானம் திட்டுத் திட்டாக நிற்கும். இந்தப் பேடின் தாள் முழுப் பருத்தி. ஈரத்தைப் பிடித்து வைப்பதால், கோட்டை மலைக்கு மேலே உள்ள வானத்தை நிதானமாக ஒரே வாஷில் (தண்ணீராகக் கரைத்த வண்ணப் பூச்சில்) இறக்க முடிகிறது.

எனக்கு முக்கியம் பாறைதான். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைக் கலந்தால் நல்ல சாம்பல் வரும். அதை நிறையத் தண்ணீரோடு விட்டுவிட்டு, பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள். நீலத்தின் துகள்கள் தாளின் சின்னச் சின்னக் குழிகளில் போய் உட்காரும். காய்ந்ததும் கருங்கல்லின் சொரசொரப்பு தானாகவே வந்திருக்கும். வழவழப்பான தாளில் இதற்காகப் பிரஷால் குத்திக் குத்தியே கை ஓய்ந்துவிடும். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பழங்காலத்தில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களை வரைந்தவர்கள் பாறை மேலேயே வரைந்துவிட்டார்கள். புத்திசாலிகள், தாள் செலவே இல்லை.

மாந்தோப்பும் நன்றாக வருகிறது. சாப் கிரீனை மட்டும் ட்யூபிலிருந்து அப்படியே வைக்காதீர்கள், பிளாஸ்டிக் இலை போல இருக்கும். ஈரம் காயும் முன்பே செம்பு நிறத்தில் தளிரைத் தொட்டு வையுங்கள்.

குறை உண்டு. பேடில் தாள்களை ஒரு ஓரத்தில் மட்டும்தான் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கூடினால் தாள் நெளிகிறது. பலகையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டியே ஆகவேண்டும். தாள் ஒன்றுக்கு அறுபது ரூபாய்க்கு மேல் ஆகிறது, பழகுகிற பிள்ளைகளுக்கு வேண்டாம். அப்புறம், கே.ஆர்.பி. அணைக்கு (கிருஷ்ணகிரி அணைக்கு) எடுத்துப் போகிறவர்கள் மீன் வறுவலை முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பேடைத் திறக்கவும். எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஏறவே ஏறாது.

நான்கு நட்சத்திரம். ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டது பேக்கிங்குக்காக: அட்டை வைக்காமல் அனுப்பியதில் மேல் தாள்களின் மூலை மடங்கி வந்தது.