வெட்டுப்பலகைக்கு எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெயா, லிக்விட் பாரஃபினா?

என்னுடைய முதல் மாமரப் பலகை எட்டே மாதத்தில் நடுவில் பிளந்துவிட்டது. அழுக்கு சேர்ந்து கெடவில்லை. தினமும் தேய்த்துக் கழுவி, அப்படியே கிரானைட் மேடையில் படுக்கப் போட்டுவிடுவேன். அடிப்பக்கம் ஈரத்திலேயே கிடக்கும், மேல்பக்கம் காற்றில் காய்ந்துவிடும். ஒரு பக்கம் உப்ப, மறுபக்கம் சுருங்க, பலகை முதலில் வளைந்தது, அப்புறம் விரிசல் விட்டது. அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: இது மரத்துக்குள் தண்ணீர் இறங்குவதைத் தடுக்குமா?

கழுவுவதை முதலில் முடித்துவிடலாம். எலுமிச்சையும் கல்லுப்பும் நல்லதா, சோப்பும் வெந்நீரும் நல்லதா? இரண்டுக்கும் வேலை வேறு. பாதி எலுமிச்சம்பழத்தை வைத்து உப்பை அழுத்தித் தேய்த்தால் பூண்டு, மீன் வாடை குறையும். வாழைப்பூவை இரும்புக் கத்தியால் நறுக்கினால் பலகையில் கருந்திட்டு விழுமே, அது துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வரும் கறை. புளிப்பு பட்டால் வெளுக்கும். ஆனால் கோழி வெட்டிய பலகைக்கு எலுமிச்சையை நம்பவே கூடாது, வினிகரையும்தான். அதற்குச் சோப்பும் வெந்நீரும் வேண்டும். மஞ்சள் கறைக்கு மட்டும் இவை எதுவும் வேண்டாம். சோப்புக் கட்டி பட்டால் சிவந்துகூடப் போகும். காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டுங்கள், தானாக மங்கும்.

எதில் கழுவினாலும் இரண்டு பக்கமும் நனைத்து, துடைத்து, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். சிங்க்கில் ஊறப்போடாதீர்கள்.

மரத்தைவிட பிளாஸ்டிக்தான் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் டீன் கிளைவர் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. மரத்தில் விட்ட பாக்டீரியா உள்ளே இழுக்கப்பட்டது, மேற்பரப்பில் பெருகவில்லை. புது பிளாஸ்டிக்கைக் கழுவுவது எளிது. கத்தி கீறிய பழைய பிளாஸ்டிக்கில்தான் கிருமி ஒளிந்துகொண்டது. இருந்தாலும் பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்வதுதான் சரி.

இப்போது எண்ணெய்.

நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் வேண்டவே வேண்டாம். சில வாரங்களில் பிசுபிசுப்பு வரும், அப்புறம் சிக்கு வாடை. தேங்காய் எண்ணெய் அவற்றைவிட எவ்வளவோ மேல், சமையல் எண்ணெய்களில் மெதுவாகச் சிக்குவது அது. வீட்டில் எப்போதும் இருக்கும், பலகைக்கு அழகான நிறமும் கொடுக்கும். ஒரு வருடம் அதைத்தான் போட்டேன். கோடையில் குறையே இல்லை. ஐப்பசி மழையில் பலகை சரியாகக் காயாத ஒரு வாரம், ஆப்பிள் நறுக்கிச் சாப்பிட்டபோது பழைய எண்ணெய் வாடை அடித்தது. காய்க்கு மறைந்துவிடும், பழத்தில் மறையாது.

ஆளி விதை எண்ணெய் மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும் என்பதால் பாதுகாப்பு அதிகம். ஆனால் காய வாரக்கணக்கில் ஆகும். சீக்கிரம் காயட்டும் என்று உலோக உப்பு சேர்த்து ஹார்டுவேர் கடையில் விற்பதைச் சமையலறைப் பலகைக்குப் பூசக் கூடாது. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். விரித்துக் காயவையுங்கள்.

என் ஓட்டு லிக்விட் பாரஃபினுக்கு, அதாவது பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுக்கும் மினரல் ஆயிலுக்கு. மருந்துக்கடையிலேயே கிடைக்கும். தண்ணீர் போலத் தெளிந்த எண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள், வெள்ளையாக வரும் மலமிளக்கி சிரப் வேறு. வாடை இல்லை, ருசி இல்லை, எத்தனை மாதமானாலும் சிக்காது. குறையும் உண்டு: அது காய்ந்து கெட்டியாவதே இல்லை, கழுவக் கழுவப் போய்விடும். மாதம் ஒருமுறை போட்டாக வேண்டும். அதனால் நான்கு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, ஆறியதும் மேலே தேய்க்கிறேன். மெழுகு மேற்பரப்பை மூடுவதால் எண்ணெய் கூடுதல் நாள் நிற்கிறது.

போடும்போது பலகையின் இரண்டு முனைகளையும் மறக்காதீர்கள். மர நார் குறுக்காக வெட்டுப்பட்ட இடம் அது, உறிஞ்சுகுழல் மாதிரி எண்ணெயைக் குடிக்கும். தண்ணீரையும் அப்படித்தான் குடிக்கும், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். இரவு பூசி, காலையில் மிச்சத்தைத் துடைத்தால் போதும். புதுப் பலகைக்கு மூன்று நான்கு இரவு தொடர்ந்து பூசுங்கள்.

மறுபடி எப்போது பூசுவது என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. பரவி உள்ளே இறங்கினால், நார் சிலிர்த்திருக்கும் இடங்களை 220 நம்பர் உப்புத்தாளால் இழைத்துவிட்டு, அன்று இரவே பூசிவிடுங்கள்.