நல்லா இருக்கற ஃபைல "கரப்ட்"னு சொல்லி காசு புடுங்குற வீடியோ ரிப்பேர் சாஃப்ட்வேர், உஷார் மக்களே

எடிட்டிங் பண்றவங்க, குறிப்பா இப்பதான் 10-பிட் (கலர் படிகள் அதிகமா இருக்கற) கேமரா ஃபுட்டேஜ் கைக்கு வந்து அது டைம்லைன்ல ஓடாம முழிச்சிட்டு இருக்கறவங்க, காசு கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க. சாஃப்ட்வேர் பேர் போடல, ஏன்னா ஒரே சரக்கு லோகோவ மட்டும் மாத்திக்கிட்டு பல பேர்ல சுத்துது, பேர வச்சு தப்பிக்க முடியாது.

நடந்தது இதான். ஒரு க்ளையன்ட் இன்டர்வியூ ஃபுட்டேஜ், கேமராவுல ஹெச்.264 (வீடியோவ சுருக்கி வைக்கற ஒரு கோடெக்), 10-பிட் 4:2:2 (கலர் தகவல் எவ்ளோ வைக்குதுங்கற கணக்கு), லாக்ல (அப்புறமா கலர் பண்றதுக்காக கான்ட்ராஸ்ட் கொறைச்சு மங்கலா எடுக்கற முறை) எடுத்தது. விஎல்சில அருமையா ஓடுது. டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேரோட ஃப்ரீ வெர்ஷன்ல, விண்டோஸ்ல, உள்ள இழுத்தா ஆடியோ மட்டும் வருது, படத்துக்கு பதிலா செவப்பா மீடியா ஆஃப்லைன். டெலிவரி தலைக்கு மேல நிக்குது, எரர தேடினா மொதல்ல வர்றதே விளம்பரம்தான், "மீடியா ஆஃப்லைன் வருதா? உங்க வீடியோ சேதமாகியிருக்கு, இலவசமா ஸ்கேன் பண்ணுங்க"னு. ஸ்கேன் என்னவோ ஃப்ரீதான். ஒவ்வொரு க்ளிப்புக்கும் செவப்புல "கடுமையான சேதம்", அதுக்கு கீழயே பச்சையில "98% மீட்கலாம்", ஒரு சின்ன ப்ரிவியூ, சேவ் பண்ண போனா லைசென்ஸ் வாங்குங்கன்னு பெட்டி. வாங்கினேன்.

வந்த அவுட்புட் ரிசால்வ்ல ஓடுச்சு, அது உண்மை. ஆனா கலர் பண்ண ஆரம்பிச்சதும் பின்னாடி இருந்த வெள்ளச் சுவரு பட்ட பட்டையா பிரிஞ்சு நிக்குது. ஆள் கைய ஆட்டுனா ஒரு மாதிரி தட்டுத்தடுமாறி நகருது. சரின்னு மீடியாஇன்ஃபோல (வீடியோ ஃபைலோட உள்விவரம் காட்டற டூல்) ஒரிஜினலையும் இவங்க குடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து பாத்தா பகீர்னு இருக்கு. 10-பிட் போயி 8-பிட், அதாவது ஒவ்வொரு கலர் சேனல்லயும் 1024 படி இருந்தது 256 ஆயிடுச்சு, லாக் ஃபுட்டேஜ அந்த 256-அ வச்சு இழுத்தா சுவரு பட்டை அடிக்காம என்ன பண்ணும்? 4:2:2 போயி 4:2:0, அதாவது கலர் தகவல் பாதியாச்சு. பிட்ரேட்ட (ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டாங்கறது) நார் நாரா கிழிச்சு போட்டிருக்காங்க. 23.976 ஃப்ரேம் ரேட்ல எடுத்தத 30 ஆக்கியிருக்காங்க, அதனால நாலு ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேம் டபுளாகி வருது, கை தடுமாறுனதுக்கு காரணம் அதான். டைம்கோடும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இருக்கற நேர முத்திரை) காணோம், தனியா ரெக்கார்டர்ல எடுத்த ஆடியோவ டைம்கோட வச்சு சிங்க் பண்ற வழியும் அதோட காலி.

இதுல ஹைலைட்டே, "ரைட்டிங் அப்ளிகேஷன்"ங்கற வரியில லேவ்எஃப்னு இருந்தது, லைப்ரரியில எக்ஸ்264 (ஃப்ரீயா கெடைக்கற ஹெச்.264 என்கோடர்). லேவ்எஃப்னா எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ கன்வர்ட் டூலோட கையெழுத்து மாதிரி. இன்ஸ்டால் ஆன ஃபோல்டருக்குள்ள போனா எஃப்எஃப்எம்பெக் எக்ஸ்இயே பேர் கூட மாத்தாம உக்காந்திருக்கு! உலகத்துக்கே ஃப்ரீயா கெடைக்கற டூல் அது. அத உள்ள வச்சு நல்லா ஒரு பட்டன் டிசைன் பண்ணி விக்கறது தப்பில்ல, லைசென்ஸ் கண்டிஷன மதிச்சா போதும், நேர்மையா அப்படி விக்கறவங்களும் இருக்காங்க. "எங்க சொந்த ஏஐ ரிப்பேர் இன்ஜின்"னு சொல்லி விக்கறதுக்கு பேரு வேற.

ஸ்கேன் மேலயே சந்தேகம் வந்து, நோட்பேட்ல நாலு வரி கிறுக்கி அந்த ஃபைல எம்பி4னு எக்ஸ்டென்ஷன் மாத்தி உள்ள போட்டேன். அதுக்கும் "கடுமையான சேதம், 98% மீட்கலாம்"! வீடியோவே இல்லாத ஃபைல்ல எத மீட்க போறாங்கன்னு அவங்களுக்குதான் வெளிச்சம். அடுத்து ரிசால்வ்ல இருந்தே எக்ஸ்போர்ட் பண்ணின, ஒரு கொறையும் இல்லாத க்ளிப்ப போட்டேன். அதே செவப்பு, அதே பச்சை. அப்ப அந்த ஸ்கேன் எதையுமே பாக்கல, போர்டு மட்டும்தான் காட்டுது.

இதெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரீஃபண்ட் கேட்டா, சப்போர்ட்ல "உங்க சிஸ்டம்ல கோடெக் பேக் இல்ல சார், ப்ரோ ப்ளான் எடுத்தா அதுவும் வரும்"னு பதில். மறுபடி கேட்டா அதே வரி, காப்பி பேஸ்ட். இதுவும் சுத்த உருட்டு, சிஸ்டம்ல கோடெக் பேக் போடறதால விண்டோஸ் ப்ளேயர் மாதிரி சிலது ஓடலாம், ஆனா ரிசால்வ் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர் பெரும்பாலும் தன்கிட்ட இருக்கற டிகோடர வச்சுதான் வேலை செய்யும், நீங்க வெளிய எத்தன பேக் கொட்டினாலும் அது திரும்பி கூட பாக்காது. பில்ல உத்து பாத்தா "எக்ஸ்டெண்டட் டவுன்லோட்"னு ஒண்ணு தனியா சேத்திருக்காங்க, ஆட்டோ ரினியூவலும் ஆன்ல இருந்துச்சு, ரெண்டுக்கும் டிக் ஏற்கனவே போட்டு வச்சிருந்திருக்காங்க.

சரி, உண்மையில பிரச்சன என்னன்னா, ஃபைல்ல ஒண்ணுமே இல்ல. எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாம் வெறும் டப்பா, உள்ள இருக்கற கோடெக்தான் விஷயம், அதுலயும் ஹெச்.264னு மட்டும் பாத்தா பத்தாது, எத்தன பிட், 4:2:0வா 4:2:2வானு பாக்கணும். விண்டோஸ் ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன் இந்த 10-பிட் 4:2:2 ஹெச்.264-அ எடுக்காது, காசு குடுத்து வாங்கற ஸ்டூடியோ வெர்ஷன் எடுக்கும், அவ்ளோதான் சங்கதி. இந்த தகவல் ரிசால்வோட சப்போர்ட்டட் கோடெக் லிஸ்ட்லயே இருக்கு. ஷட்டர் என்கோடர்னு ஒண்ணு ஃப்ரீயா இருக்கு, அதுல டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ்ங்கற எடிட்டிங் கோடெக செலக்ட் பண்ணி மாத்தினேன், 10-பிட்டும் 4:2:2வும் அப்படியே நிக்குது, ஃப்ரேம் ரேட்ல கை வைக்கல, சுவத்துல பட்டையும் இல்ல. சைஸ் மட்டும் பயங்கரமா வீங்கும், டிஸ்க்ல எடம் பாத்துக்கோங்க.

ஓபிஎஸ்ல (ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்) எடுத்த எம்கேவி ஏறலன்னா அதுக்கு கன்வர்ட்டே வேணாம், ஓபிஎஸ் ஃபைல் மெனுலயே ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் இருக்கு, டப்பாவ மட்டும் மாத்தும், குவாலிட்டி ஒரு துளி கொறையாது. ஃபோன்ல எடுத்தது போகப் போக உதடும் சத்தமும் விலகுச்சுன்னா அது வேரியபிள் ஃப்ரேம் ரேட், அதாவது ஃப்ரேம் ரேட் நடுநடுவுல மாறுது, ஹேண்ட்பிரேக்ங்கற கன்வர்ட்டர்ல கான்ஸ்டன்ட்னு வச்சு மாத்தினா சரியாகும். அதையும் இவங்க "கரப்ட்"னுதான் சொல்வாங்க.

நெசமாவே ஒடஞ்ச ஃபைலும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ரெக்கார்ட் ஆகும்போதே பேட்டரி புட்டுக்கிச்சுன்னா எம்பி4-க்கு இண்டெக்ஸ் (எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கற பட்டியல்) எழுதாம விட்டுடும், அப்ப எஃப்எஃப்எம்பெக்ல போட்டா "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்"னு, அதாவது அந்த இண்டெக்ஸ காணோம்னு, நேரடியா சொல்லும். அதுக்கு அன்ட்ரங்க்னு ஃப்ரீ டூல் இருக்கு, அதே கேமராவுல அதே செட்டிங்ல எடுத்த நல்ல க்ளிப் ஒண்ண மாதிரிக்கு குடுத்தா, அத பாத்து இண்டெக்ஸ திரும்ப கட்டும். எல்லா ஃபைலும் வந்துடும்னு உத்தரவாதம் இல்ல. ஆன்லைன்ல அப்லோட் பண்ணுங்க நாங்க சரி பண்றோம்னு சொல்ற சைட்டுக்கு க்ளையன்ட் ஃபுட்டேஜ தூக்கி குடுக்காதீங்க, அது எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது.

ஏற்கனவே இந்த மாதிரி ஒண்ண வாங்கிட்டீங்கன்னா, மொதல்ல அக்கவுண்ட்ல போய் ஆட்டோ ரினியூவல நிப்பாட்டுங்க, கேன்சல் ஆச்சுன்னு வர்ற மெயில வச்சுக்கோங்க. அப்புறம் அந்த சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல "ஒரிஜினல் மேல எழுது"ங்கற ஆப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, எனக்கு இன்ஸ்டால் ஆகும்போதே ஆன்லதான் இருந்துச்சு, கேமரா மெமரி கார்டுல இன்னொரு காப்பி இருந்ததால மட்டும்தான் ஒரிஜினல் பொழச்சுது. ரீஃபண்ட் மறுத்த மெயில், நோட்பேட் ஃபைல் ஸ்கேன் ஸ்க்ரீன்ஷாட், மீடியாஇன்ஃபோ ரெண்டும் சேத்து கார்டு குடுத்த பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், பதில் வந்ததும் இங்கயே அப்டேட் பண்றேன்.