கடைசிப் பந்தி வரை காத்திருக்காதீர்கள்

மூன்று வருடத்துக்கு முன்பு என் மூத்த மகள் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை மண்டபத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

போன ஐப்பசியில் தங்கை மகள் கல்யாணம், சிங்காநல்லூர்ப் பக்கம். 800 பேருக்குச் சமையல். விடிகாலையிலிருந்து கொட்டிய மழையில் வெளியூர்ச் சனம் பாதி வரவில்லை. பந்தி நடக்கும்போதே ‘நோ ஃபுட் வேஸ்ட்’டுக்குப் போன் போட்டேன். மிஞ்சிய உணவை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுக்க, 2014-ல் நம் கோவையில் இளைஞர்கள் தொடங்கிய அமைப்பு அது. எத்தனை பேருக்கு வரும், எப்போது சமைத்தது என்று மட்டும் கேட்டார்கள்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு பையன்கள் வேனோடு வந்தார்கள். ஒவ்வொரு அண்டாவையும் திறந்து, மோந்து, கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார்கள். சாதம், சாம்பார், ரசம், மைசூர்பாகு எல்லாம் சரி. அவியலும் சட்னியும் மட்டும், “தேங்காய் அரைச்சது சீக்கிரம் ஊசிப்போயிருங்க, வேண்டாமுங்க” என்றான் ஒருவன். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வாங்கிச் சாப்பிடுகிறவர் வயிற்றையும் நினைக்கிறார்களே, அதில்தான் இவர்கள்மேல் நம்பிக்கை வந்தது. இலையில் பரிமாறியதைத் தொடவே இல்லை. எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். மிஞ்சிய உணவை வாங்கிக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது.

சிரமம் பாத்திரத்தில்தான் வந்தது. சமையல் காண்டிராக்டர் அண்டாவை வெளியே அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். அவர்கள் கொண்டுவந்த பாத்திரங்கள் பத்தாமல், சீர்வரிசைக்கு வாங்கிய எவர்சில்வர் தவலை இரண்டைக் கழுவிக் கொடுத்தோம். நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் காண்டிராக்டரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். சாதத்தில் குழம்பை ஊற்றிக் கலந்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

மனசு கேட்காமல் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். ஒரு முதியோர் இல்லம். சோறு இன்னும் சூடாகவே இருந்தது. ஒரு பாட்டி சாம்பாரை வேண்டாமென்று சொல்லி, “ரசம் இருக்குதுங்களா?” என்று கேட்டார். அப்புறம் இரண்டாம் முறையும் டம்ளரை நீட்டி வாங்கிக் குடித்தார்.

வைகாசியில் சின்னவளுக்குக் கல்யாணம். நேற்று மளிகைச் சீட்டு எழுதும்போதே அவர்கள் நம்பரை மேலே குறித்துவிட்டேன். இந்த முறை சமையல் 600 பேருக்குத்தான்.