5 பின்னா, யூஎஸ்பியா, புளூடூத்தா? கீபோர்டை இணைக்கும் மூன்று வழிகள்

இசைக் கீபோர்டை வேறொரு கருவியோடு இணைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "மூன்றில் எது வேகம்?" என்றுதான். வட்டமான 5 பின் மிடி துளை, சதுரமான யூஎஸ்பி துளை, கண்ணுக்குத் தெரியாத புளூடூத் என்று மூன்று வழிகள் இருக்கும்போது அப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் அதற்கு முன் வேறொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மறுமுனையில் என்ன இருக்கிறது? இன்னொரு கீபோர்டா, கணினியா, போனா? இது தெளிவானால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழி. மூன்றில் எதை எடுத்தாலும் மிடி வழியாக ஒலி போவதில்லை. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு விசையோடு அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற செய்தி மட்டுமே போகிறது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. நடு ஸ்தாயி 'சி' 60ஆம் எண். விசைக்கும் அதே 127 வரைதான். உங்கள் கீபோர்டின் பியானோ ஒலியையே கணினியில் பதிவு செய்ய வேண்டுமென்றால் மிடி உதவாது; ஆடியோ அவுட்டிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டும், அல்லது யூஎஸ்பியில் ஆடியோவும் அனுப்பும் கீபோர்டாக இருக்க வேண்டும். மாறாக, வாசித்த பின் தவறான சுரத்தைத் திருத்த வேண்டும், பியானோவை வயலினாக மாற்ற வேண்டும் என்றால் மிடியை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

சரி, 5 பின்னிலிருந்து தொடங்கலாம். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 ஆகிய இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்களின் இரண்டு சிந்தசைசர்கள் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டுகள்) ஒரே மொழியில் பேசிக்கொண்டது அன்றைக்குப் பெரிய விஷயம். அதற்குப் பாடுபட்ட சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித், ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அன்றைய கருவியை இன்றைய கருவியோடு அதே கேபிளால் இணைத்தால் இப்போதும் பேசுகின்றன. ஒரு கணினித் துளை நாற்பது ஆண்டுகள் மாறாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த 5 பின்களில் மிடி பயன்படுத்துவது மூன்றைத்தான். 4, 5 இரண்டும் செய்தியைச் சுமக்கின்றன, 2 கவசம். வந்து சேரும் முனையில் ஆப்டோகப்ளர் என்ற சிறு சில்லு இருக்கும். மின்சாரமாக வரும் செய்தியை அது ஒளியாக்கி, மறுபக்கம் மீண்டும் மின்சாரமாக்குகிறது. அதாவது இரு கருவிகளுக்கும் நடுவே நேரடி மின்தொடர்பே இல்லை. இதன் அருமை யூஎஸ்பியில் இரைச்சல் கேட்கும்போதுதான் புரியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இணைப்பதும் எளிது. இதன் அவுட் அதன் இன், அவ்வளவுதான். மூன்றாவது கருவி இருந்தால் நடுவிலுள்ளதன் த்ரூ துளையிலிருந்து அடுத்ததன் இன்னுக்குப் போகலாம். த்ரூ என்பது இன்னில் வந்ததை அப்படியே மறுபடி அனுப்பும் துளை. மூன்று நான்கு கருவிகளுக்கு மேல் இப்படிச் சங்கிலியாகக் கோத்தால் செய்தியின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். அப்போது ஒன்றைப் பலவாகப் பிரிக்கும் த்ரூ பாக்ஸ் வைப்பது நல்லது. கேபிள் 15 மீட்டர் வரை போகலாம்.

யூஎஸ்பி வேறு மாதிரி. அங்கே ஒருவர் தலைவராக இருந்தே ஆக வேண்டும். மற்றவை அவர் கேட்கும்போது பதில் சொல்பவை. கணினியும் போனும் தலைவர்கள். கீபோர்டு, சதுரத் துளை உள்ள வரை, பதில் சொல்பவர். இது தெரியாமல் நான் ஒருமுறை அரை நாளை இழந்திருக்கிறேன். இரண்டு கீபோர்டுகளிலும் யூஎஸ்பி இருந்தது. அடாப்டர் ஒன்றைப் போட்டு இரண்டையும் நேராக இணைத்துவிட்டு, மெனுவில் ஒவ்வொரு அமைப்பாக மாற்றிப் பார்த்தேன். ஒரு சுரம்கூட வரவில்லை. கோளாறு எதிலும் இல்லை. இருவரும் தலைவருக்காகக் காத்திருந்தார்கள். பென்டிரைவ் செருகும் தட்டையான துளை இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலான கீபோர்டுகளில் அது கோப்பு சேமிக்க மட்டுமே. 'டு ஹோஸ்ட்', 'டு டிவைஸ்' என்று எழுதியிருப்பதை வைத்து எது எது என்று கண்டுகொள்ளலாம். ஆகவே இரண்டு கருவிகளை நேராக இணைக்க 5 பின்தான். யூஎஸ்பியாலேயே செய்தாக வேண்டுமென்றால் நடுவில் கணினியோ, தலைவர் வேலை பார்க்கும் தனிப் பெட்டியோ வேண்டும்.

ஆனால் மறுமுனையில் கணினி என்றால் யூஎஸ்பியை அடித்துக்கொள்ள ஆளில்லை. யூஎஸ்பி மிடிக்கான பொது விதிமுறை 1999இல் வந்தது. அதைப் பின்பற்றும் கீபோர்டுகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை; செருகினால் கணினி அடையாளம் கண்டுகொள்ளும். ஒரே கேபிளில் செய்தி போகிறது, வருகிறது, சின்னக் கீபோர்டுகளுக்கு மின்சாரமும் கிடைக்கிறது. ஒரு 5 பின் கேபிளில் 16 சேனல்கள், அதாவது 16 தனித்தனிச் செய்திப் பாதைகள்தான்; யூஎஸ்பிக்குள் அப்படி 16 கேபிள்களுக்கு இடம் உண்டு. ஆண்ட்ராய்டில் 6.0 பதிப்பிலிருந்து மிடி வசதி இருப்பதால், போனில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் பொருத்தமான ஓடிஜி அடாப்டர் இருந்தால் போனும் போதும்.

யூஎஸ்பியின் குறை இரைச்சல். கீபோர்டிலிருந்து லேப்டாப்புக்கு யூஎஸ்பி, இரண்டின் ஆடியோவும் ஒரே மிக்ஸருக்கு, லேப்டாப்பில் சார்ஜர் என்று இருக்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி வந்தால் பெரும்பாலும் காரணம் தரைச்சுற்று, அதாவது கருவிகளின் தரை இணைப்புகள் ஒன்றோடொன்று வளையமாகிவிடுவது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அதுவேதான். யூஎஸ்பியின் மின்தொடர்பைப் பிரிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர், அல்லது ஆடியோ கேபிளின் நடுவே வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் இதைத் தீர்க்கும். 5 பின்னில் ஒளி நடுவே நிற்பதால் மிடி கேபிள் வழியாக இந்தத் தொல்லை வராது.

இப்போது வேகம். 5 பின் நொடிக்கு 31,250 பிட் அனுப்புகிறது. ஒரு பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட். ஒரு சுரத்துக்கு 3 பைட். கணக்குப் போட்டால் ஒரு சுரம் போய்ச்சேர ஏறத்தாழ 1 மில்லிநொடி. பத்து விரலையும் ஒன்றாக வைத்தால் கடைசிச் சுரம் 10 மில்லிநொடி பின்னால் வரும். திரும்பத் திரும்ப வரும் முதல் பைட்டைக் கருவி விட்டுவிட்டால் அது 7க்கும் கீழே இறங்கும். யூஎஸ்பியில் இந்தத் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லிநொடி ஆகிறது. ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் 9 மில்லிநொடி அங்கேயே போயிற்று. "மிடி இழுக்குது" என்று வருபவர்களின் கணினியைப் பார்த்தால் பல நேரம் குற்றவாளி ஆடியோ பஃபர்தான், அதாவது ஒலியை வெளியே விடுமுன் கணினி சேர்த்து வைக்கும் அளவு. நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பஃபர் 512 சாம்பிள் என்றால் அது மட்டும் 11.6 மில்லிநொடி. 128க்கு இறக்குங்கள், விண்டோஸ் என்றால் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் போடுங்கள். கேபிளை மாற்றுவது அதற்கப்புறம் யோசிக்க வேண்டியது.

ஒரே நேரத்தில் பல சேனல்களில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலும் ஒலியை அசைக்கும் மாடுலேஷனும் ஓடும்போது மட்டும் 5 பின் திணறுவது உண்மை. சுரத்தை வளைத்து வாசிப்பவர்களும், பதினாறு சேனலையும் நிரப்பி முன்பே பதிந்த சீக்வென்ஸ் ஓட்டுபவர்களும் அங்கே யூஎஸ்பிக்குப் போவதே சரி.

புளூடூத்தைப் பயிற்சிக்கு மட்டும் பரிந்துரைப்பேன். இதற்கான விதிமுறை 2015இல் வந்தது. அது பயன்படுத்தும் புளூடூத் லோ எனர்ஜி என்ற குறைந்த மின்சார வகையில் இரு கருவிகளும் குறித்த இடைவெளியில்தான் சந்தித்துப் பேசும். பெரும்பாலான கருவிகளில் அந்த இடைவெளி குறைந்தபட்சம் 7.5 மில்லிநொடி. தாமதத்தைவிட அது ஒரே சீராக இல்லாததுதான் விரலுக்கு உறுத்தும். ஒவ்வொரு செய்தியோடும் நேரக்குறிப்பு வருவதால் பதிவு செய்யும்போது மென்பொருள் ஓரளவு சரிசெய்யும்; நேரடியாக வாசிக்கும்போது அதற்கு வழியில்லை. டேப்லெட்டில் பாடம் பார்த்துக்கொண்டே வாசிக்க, கேபிள் காலில் சிக்காமல் இருக்க, இது அருமை.

இதில் மூன்று இடங்களில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கீபோர்டில் 'புளூடூத்' என்று போட்டிருந்தால் அது பாட்டுக் கேட்கும் புளூடூத் ஆடியோவாக மட்டும் இருக்கலாம். 'புளூடூத் மிடி' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இணைப்பைப் போனின் அமைப்புகளில் போய்ச் செய்யாமல், பாட்டு ஆப்புக்குள்ளேயே செய்யுங்கள். மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: கூடவே புளூடூத் ஹெட்போனும் மாட்டினால் ஒலி 100 மில்லிநொடிக்கும் மேல் பின்தங்கும், எந்தக் கீபோர்டாலும் அதைக் காப்பாற்ற முடியாது. விண்டோஸில் பழைய மிடி முறையை மட்டும் அறிந்த மென்பொருள்களுக்குப் புளூடூத் கீபோர்டு கண்ணில் படாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேடைக்கு நான் இன்றும் 5 பின்னைத்தான் எடுப்பேன். ஒரு நிகழ்ச்சியில் லேப்டாப்பின் யூஎஸ்பி ஒரு நொடி கழன்று மீண்டும் பொருந்தியது. கேபிள் சரியாகத்தான் இருந்தது, ஆனால் மென்பொருள் கீபோர்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே இல்லை. மூடித் திறக்கும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பாடுபவர் தனியாகப் பாடினார். 5 பின்னில் கழன்றால் திரும்பச் செருகு, அடுத்த சுரம் வந்துவிடும். அதற்கும் ஒரு குறை உண்டு: கட்டையை அழுத்தியிருக்கும்போது கழன்றால் 'விட்டாச்சு' என்ற செய்தி போகாமல் அந்தச் சுரம் தொங்கிக்கொண்டே ஒலிக்கலாம். எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் 'பேனிக்' பட்டன் கருவியில் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

5 பின் துளைக்குப் பதில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் வைத்த சின்னக் கருவிகளும் உண்டு. மொழி அதேதான். ஆனால் டைப் ஏ, டைப் பி என்று வயரிங் இரண்டு விதம். 2018இல் ஏ வகையைத் தரமாக்கினார்கள், பழையவற்றில் பி இருக்கலாம். மாறிப்போனால் எதுவும் கருகாது, சத்தம் வராது, அவ்வளவுதான்.

பழைய கீபோர்டில் 5 பின் மட்டும் இருந்து கணினியோடு சேர்க்க வேண்டுமென்றால் 5 பின்னை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் இருக்கிறது. அதன் முனைகளில் எழுதியுள்ள 'இன்', 'அவுட்' பலரைக் குழப்பும். பெரும்பாலானவற்றில் 'இன்' என்று எழுதிய முனையைக் கீபோர்டின் அவுட்டில் செருக வேண்டும். வேலை செய்யாவிட்டால் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். மிகவும் மலிவானவற்றில் ஆப்டோகப்ளர் இல்லாமலும் இருக்கும், பெரிய தரவை அனுப்பும்போது பாதியைத் தின்றுவிடும். சுரம் மட்டும் வாசிக்க அது போதும், கருவியின் ஒலி அமைப்புகளைச் சேமிக்கப் போதாது.

2020இல் வந்த மிடி 2.0க்காகக் காத்திருக்கலாமா? விசையின் அளவை 127 படிகளிலிருந்து 65,536 படிகளாக்கும் விதிமுறை அது. யூஎஸ்பி வழியாகப் போகும், பழைய 5 பின்னில் போகாது. இன்றைக்கு வாங்க வேண்டிய கீபோர்டை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். 5 பின்னும் யூஎஸ்பியும் இரண்டும் உள்ள மாடலைத் தேடுங்கள்.

இணைத்த பின் ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். கட்டை தன் கீபோர்டின் ஒலியையும் தூண்டுகிறது, கணினி போய்த் திரும்பி வந்த செய்தியும் அதையே தூண்டுகிறது. கட்டை தன் கீபோர்டின் ஒலியை நேராகத் தூண்டுவதை நிறுத்த, மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை ஆஃப் செய்யுங்கள். கேபிளைக் கழற்றியதும் மறுபடி ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கீபோர்டு ஊமையாக இருக்கும்.