காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை: சிகிச்சை நன்று, செவிலியருக்குத்தான் விடுப்பு இல்லை

காரைக்குடியில் உள்ள நடுத்தர அளவிலான தனியார் மருத்துவமனை ஒன்றில் எங்கள் அப்பத்தாவை நிமோனியாவுக்காகச் சேர்த்திருந்து, நல்லபடியாக வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இங்கே சொல்லப்போகும் செய்திகளை என்னிடம் பேசிய செவிலியர்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள் என்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் பெரிய வீட்டில் தனித்திருக்கும் குடும்பங்கள் நம் செட்டிநாட்டில் ஏராளம். அவர்களுக்காக வெளியூரிலிருந்து தொலைபேசியில் மருத்துவமனையை விசாரிப்பவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் எண்ணம்.

சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர் காலையும் மாலையும் தவறாமல் வந்தார். கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அறையும் கழிப்பறையும் சுத்தமாக இருந்தன. கட்டணம் முன்கூட்டிச் சொன்ன அளவைத் தாண்டவில்லை.

செவிலியர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்குக் கை நரம்பு எளிதில் அகப்படாது. ஒரு சிஸ்டர் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கையில் ஒற்றடம் கொடுத்து, "ஆச்சி, கொஞ்ச நேரம் கையை அசைக்காம வச்சுக்கங்க" என்று பேச்சுக் கொடுத்தபடியே ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிட்டார். அந்தப் பெண்தான் இரண்டு இரவுகள் கழித்துக் கண்கள் சிவந்து, இரட்டை முகக்கவசத்தோடு நைட் டூட்டிக்கு வந்தார். மூச்சு வழியே மருந்து கொடுக்கும் நெபுலைசர் கருவியை வைக்கும்போது இருமல் வந்ததால், குழாயை என்னிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடிப்போய் இருமிவிட்டுத் திரும்பினார். "காய்ச்சலா சிஸ்டர்?" என்று கேட்டதற்கு, "மாத்திரை போட்டிருக்கேண்ணே, இப்ப இல்லை" என்றார்.

லீவு சொல்லியிருக்கலாமே என்று கேட்டபோதுதான் அங்குள்ள நடைமுறை தெரிந்தது. முன்னறிவிப்பின்றி ஒரு நாள் லீவு சொன்னால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். இரவு டூட்டி என்றால் தனக்குப் பதிலாக வருபவரையும் அவரே ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். காய்ச்சலில் படுத்துக்கொண்டு, அன்று பகல் முழுவதும் நின்று வேலை பார்த்த தோழியிடம் இரவுக்கும் வரச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, மாத்திரை போட்டுக்கொண்டு தானே வருவது எளிது என்ற முடிவுக்குத்தான் யாரும் வருவார்கள். அந்தப் பெண்ணின் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் நுரையீரல் ஏற்கெனவே தளர்ந்துபோன எண்பது வயதுப் பெண்மணியின் முகத்தருகே அவரை நிறுத்திய விதியின் மீது கடுமையான கோபம் இருக்கிறது.

பாராசிட்டமால் உடல் சூட்டைத்தான் தணிக்கும். நோய் பரவுவதைத் தடுக்காது. இன்ஃப்ளுயன்சா கண்டவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாள் தொடங்கி ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாள் வரை வைரஸ் பரவக்கூடும். அதனால்தான் மருத்துவப் பணியாளர்கள், காய்ச்சல் மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு குறைந்தது 24 மணி நேரமாவது ஆன பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது தொற்றுத்தடுப்பில் பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். அப்பத்தாவுக்கு நல்லவேளையாக எதுவும் தொற்றவில்லை.

அந்தச் செவிலியர்களின் சம்பளத்தில் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள்: தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் வருவார்கள். உடல்நலக் குறைவால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை இதில் கிடைக்கும். நல்ல திட்டம்தான், ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் அடங்கும் நோய்கள். ஆகவே நோயாளிக்குத் தொற்றக்கூடிய இந்தச் சிறு நோய்களுக்கு நிர்வாகமே சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால்தான் உண்டு. இங்கே கொடுக்காதது மட்டுமல்ல, அபராதமும் போடுகிறார்கள்.

இத்தனைக்கும் அதே மருத்துவமனையில் மெட்ராஸ் ஐ வந்த பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அம்மை போட்டவரை மூன்று தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வேலைக்குக் கூப்பிடாத வழக்கம் நம் ஊருக்கும் புதிதல்ல. வெளியே தெரிகிற நோய்க்கு இருக்கும் இந்த மரியாதை, இருமலுக்கும் காய்ச்சலுக்கும் இல்லாமல் போவது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மேலாளரிடம் இதைப் பேசினேன். அவர் மறைக்கவில்லை. கண்டிப்பு இல்லாவிட்டால் பண்டிகைக்கு முந்தைய நாள் பாதிப்பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்றும், பயிற்சி பெற்றவர்கள் மதுரைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுவதால் ஆள் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். இரண்டாவது உண்மையான சிரமம். ஆனால் விடுப்பில் செல்வோரை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதலாகச் செவிலியர் வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் பணியாளர் வரையறையே சொல்கிறது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் அமைந்த மத்திய அரசின் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் செவிலியருக்குச் சம்பளம் தர வேண்டும் என்று 2016-லேயே பரிந்துரைத்தது. அதைக்கூட எட்டாத சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்தம் என்றால், ஆள் எப்படித் தங்கும்? முதல் காரணத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. பொய்யாக லீவு சொல்பவர் ஒருவர் இருக்கலாம் என்பதற்காக, மெய்யாகவே காய்ச்சலில் கிடப்பவர்கள் எல்லோரையும் வார்டுக்குள் வரவழைப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

லீவு சொன்னவருக்கு மாற்று ஆளைத் தேடுவது இனி இன்சார்ஜ் சிஸ்டரின் பொறுப்பு என்று மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். சம்பளப் பிடித்தத்தைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. மருத்துவரின் கைராசியை நம்பி, மறுபரிசோதனைக்கு அப்பத்தாவை அங்கேதான் அழைத்துப் போகப் போகிறோம். சிகிச்சைக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். பணியாளர் விடுப்பு முறைக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன். அங்கே உள்நோயாளியாக யாரையாவது சேர்ப்பவர்கள், அறை வாடகை கேட்கும் அதே மேசையில், இரவு சிஸ்டருக்குக் காய்ச்சல் என்றால் யார் வருவார்கள் என்பதையும் கேளுங்கள்.