தாடையில் சத்தம் வருகிறது என்று பயமுறுத்தி கிளிப் மாட்டுகிறார்கள்: நெல்லைப் பக்கத்துப் பெற்றோர் கவனத்துக்கு

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல் கிளிப் போட யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வாய் திறந்தால் பிள்ளையின் காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் வருகிறது என்றால் கட்டாயம் படியுங்கள். என் அக்கா மகளுக்கு நடந்தது இது. அத்தான் துபாயில் வேலை பார்ப்பதால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது, பணம் கட்டுவது எல்லாம் நான்தான். புகார் மனு நடந்துகொண்டிருக்கிறது, அதனால் கிளினிக் பெயரை எழுதவில்லை. திருநெல்வேலி ஊருக்குள், பஸ் போகிற பெரிய ரோட்டில் இருக்கிற இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிள்ளைக்கு மேல்வரிசைப் பல் சற்றுத் தூக்கல், கீழ்த்தாடை கொஞ்சம் உள்ளே. கொட்டாவி விட்டால் வலது பக்கம் ஒரு சத்தம். வலி என்று அவள் சொன்னதே இல்லை. பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கை நாரோடு கடித்துத் தின்கிற பிள்ளை. பல்லைச் சரிசெய்யத்தான் போனோம்.

அங்கே டாக்டர் வாயைப் பார்த்தது சில நிமிடம். மீதி நேரம் முழுக்கப் பேசியது கோட் போட்ட ஒரு பெண். அவர் டாக்டர் இல்லை, 'கோஆர்டினேட்டர்' என்றார்கள். பல் தூக்கலாக இருப்பதால்தான் தாடை மூட்டு தேய்கிறது, இப்போதே கிளிப் போடாவிட்டால் இருபது வயதில் தாடை ஆபரேஷன், அப்புறம் கல்யாணம் பேசும்போது கஷ்டம் என்று பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டே சொன்னார். அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. கிளிப், மூட்டுச் சிகிச்சை எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் பேக்கேஜ், இன்றைக்கே பதிந்தால் சலுகை. ஒரு பகுதி ரொக்கம், மீதிக்கு ஈ.எம்.ஐ. போனை வாங்கி ஓ.டி.பி. போட்டு, நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கடனே பாஸாகிவிட்டது. அக்கா கையெழுத்துப் போட்ட தாள் முழுக்க ஆங்கிலம். அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் படித்துச் சொல்லவில்லை.

அடுத்த தடவை போனபோது மேலும் கீழுமாக நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கச் சொல்லி, பிடுங்கியும் விட்டார்கள். அதற்கு முன் எடுத்தது விரல் அகலத்துக்கு ஒரு சின்ன எக்ஸ்ரே மட்டும். இரண்டு தாடையும் முழுசாகத் தெரிகிற ஓ.பி.ஜி. எடுக்கவில்லை. பக்கவாட்டில் தலையோடு சேர்த்து எடுக்கிற லேட்டரல் செபலோகிராம் எடுக்கவில்லை. பல்லுக்கு மாவு அச்சும் எடுக்கவில்லை, முகத்தைப் போட்டோகூடப் பிடிக்கவில்லை. மாதாமாதம் கம்பி மாற்றப் போனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர். கிளிப் சிறப்பு மருத்துவர் மதுரையிலிருந்து வருவார் என்று ஆரம்பத்தில் சொன்னவரை நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மேலும் கீழும் இழுத்து மாட்டுகிற ரப்பர் பேண்ட் கொடுத்த பிறகுதான் வலி தொடங்கியது. முதலில் காதுவலி என்றாள். பிறகு பொட்டில் வலி, காலையில் எழுந்தால் தாடை கட்டிப்போன மாதிரி இருக்கிறது என்றாள். கிளினிக்கில் கேட்டால், கிளிப் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரே பதில். பிறகு 'மூட்டுக்கு' என்று இரவில் பல்லில் மாட்டுகிற ஒரு உறை கொடுத்து 9,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். மூட்டுச் சிகிச்சை பேக்கேஜில் அடக்கம் என்றீர்களே என்று கேட்டதற்கு, அது 'கன்சல்டேஷன்' மட்டும் என்றார் அந்தப் பெண். அந்த உறையை அச்சு எடுத்துச் செய்யவில்லை. வெந்நீரில் போட்டு இளக்கி வாயில் கடிக்கவைத்தார்கள், அவ்வளவுதான். கம்பி மாட்டிய பல்லில் அது உட்காரவே இல்லை.

ஒரு நாள் காலை இட்லியைப் பிட்டு வாய்க்குள் வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். "என்னட்டி செய்யுது?" என்று அக்கா கேட்டதற்கு, பல் பக்கத்தில் வைத்த விரலை எடுக்காமலே, "வாய் திறக்க வரமாட்டக்கும்மா" என்றாள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது. அதற்கு முந்தின வாரத்தோடு அந்த டக் சத்தமும் நின்றுபோயிருந்தது. சத்தம் நின்றதைச் சரியாகிவிட்டதன் அறிகுறி என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

அப்புறம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பல் சீரமைப்புத் துறையில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். கீழ்த்தாடை மண்டையோட்டில் பொருந்துகிற இடம் காதுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு. அது இடம் நகர்ந்து, வாய் திறக்கும்போது திரும்பப் போய் உட்காருகிற சத்தம்தான் அந்த டக். வலி இல்லாமல், வாய் நன்றாகத் திறந்தால், பெரும்பாலும் அந்தச் சத்தத்துக்குச் சிகிச்சையே தேவையில்லை. வட்டு திரும்ப உட்காராமல் முன்னாலேயே சிக்கிக்கொண்டால் சத்தம் நின்றுபோகும், வாயும் திறக்காது. எங்கள் பிள்ளைக்கு ஆனது அதுதான்.

அவர் சொன்னதில் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டிய ஒன்று இருக்கிறது. கிளிப் போடுவதால் மூட்டுக் கோளாறு வருவதும் இல்லை, கிளிப்பால் அது குணமாவதும் இல்லை. பல் தூக்கலாக இருப்பதாலேயே மூட்டு தேய்ந்துவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆகவே மூட்டுவலிக்கு மருந்து என்று சொல்லி யாராவது கிளிப் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். பல்வரிசைக்காகக் கிளிப் போடுவது வேறு விஷயம், அது நல்ல சிகிச்சைதான். ஆனால் நடுவில் மூட்டில் வலி வந்தால், ரப்பரை நிறுத்தி, மூட்டு அமைதியான பிறகுதான் மேற்கொண்டு இழுக்க வேண்டும். எங்களுக்கு அதைச் செய்யாமல், 'அப்படித்தான் இருக்கும்' என்று மாதக்கணக்கில் ஓட்டினார்கள்.

அந்தம்மா முதலில் கேட்டது, "ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரே எங்கே, அச்சு எங்கே?" என்றுதான். எங்கள் கையில் எதுவும் இல்லை. அந்த நான்கு பல்லைப் பிடுங்க வேண்டியிருந்ததா என்று நான் கேட்டேன். பிடுங்குவது தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு, ஆனால் இந்தப் பிள்ளைக்குத் தேவையா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது, பழைய நிலைக்குப் பதிவே இல்லையே என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் இருந்த நான்கு நிலைப்பல்லை, சில நூறு ரூபாய் எக்ஸ்ரேகூட எடுக்காமல் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். கீழ்த்தாடை உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு, வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில் தாடையை முன்னால் கொண்டுவருகிற கருவிகள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு அந்த வயது பெரும்பாலும் 11 முதல் 13-க்குள், ஆண் பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஓரிரு வருஷம் தள்ளி. அதனால் ஏழாம் வகுப்பிலேயே ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. தாடை ஆபரேஷன் என்பதே வளர்ச்சி முடிந்த பிறகு யோசிக்கிற காரியம். அதைச் சொல்லிப் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பயமுறுத்துவதில் ஒரு நியாயமும் கிடையாது.

சிகிச்சை என்று அவர் செய்தது ரொம்பச் சாதாரணம். ரப்பரை நிறுத்தினார், கம்பியின் இழுப்பைத் தளர்த்தினார். குழைவான சாப்பாடு, வெந்நீர்த் துணி ஒத்தடம், சில நாளுக்கு வலி மாத்திரை, மெதுவாக வாய் திறக்கிற பயிற்சி. பிறகு பல்லில் மாட்ட, அச்சு எடுத்துச் செய்த கெட்டியான ஒரு தகடு. படிக்கும்போது தாடைக்குக் கை முட்டுக் கொடுக்கக் கூடாது, பேனா கடிக்கக் கூடாது, சூயிங்கம் கூடாது. உதடு சேர்ந்திருக்கலாம், பல்லும் பல்லும் சேர்ந்திருக்கக் கூடாது. பொதுத்தேர்வுப் பயத்தில் பிள்ளைகள் தெரியாமலே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றார். அவளைக் கவனித்துப் பார்த்தேன், உண்மைதான். இப்போது வாய் இரண்டரை விரல் அளவுக்குத் திறக்கிறது.

பிள்ளையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் மேலும் கீழுமாக அடுக்கி முன்பல்லுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். நுழைந்தால் வாய் சரியான அளவுக்குத் திறக்கிறது. நுழையாவிட்டாலோ, திறக்கும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்கினாலோ காட்டவேண்டும். சைக்கிளில் விழுந்து மோவாயில் அடிபட்ட பிள்ளை வாய் திறக்க வலிக்கிறது என்றால் அன்றைக்கே காட்டுங்கள், காது அருகே எலும்பு முறிந்திருக்கலாம்.

பி.டி.எஸ். முடித்தவர்களில் நல்ல கைராசிக்காரர்கள் எத்தனையோ பேர் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் தாடை வளர்ச்சியில் குறையும் மூட்டுத் தொந்தரவும் சேர்ந்திருந்தால், அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் (பல் சீரமைப்பு மேற்படிப்பு) படித்தவரைத் தேடுங்கள். அவர் பெயரையும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அங்கே வேண்டாம். ஓ.பி.ஜி., செபலோகிராம், அச்சு, என்ன செய்யப் போகிறார்கள் என்கிற திட்டம் இவை இல்லாமல் ஒரு பல்லையும் பிடுங்க விடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்தால் அதன் பிரதியைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

கடன் விஷயத்தில் ரொம்பக் கவனம். ஈ.எம்.ஐ. என்பது உங்களுக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் இடையில் தனி ஒப்பந்தம். சிகிச்சையை நிறுத்திய பிறகும் எங்கள் அக்கா கணக்கில் மாதாமாதம் பணம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிகிச்சை நடக்க நடக்கத் தவணையாக வாங்கிக்கொள்கிற டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கும்போது, மொத்தத்துக்கும் கடன் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதியாயிற்று. திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். விவரம் கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த அப்பாயின்ட்மென்ட் செய்தி, ஈ.எம்.ஐ. மெசேஜ், விளம்பரத் துண்டுத்தாள் எதையும் அழிக்காதீர்கள். ரசீது தராத ரொக்கத்துக்கு எங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி, 'பணம் வந்துவிட்டது சார்' என்று கோஆர்டினேட்டர் அனுப்பிய ஒரு செய்திதான்.